பந்தியைக் கலைப்போருக்கு ஒரு மறுப்பு

கல்யாணத்துக்கு நாள் குறித்த பின்பு சமையல்காரரை வரவழைத்துப் பேச உட்கார்ந்தால், ‘எத்தனை இலை?’ என்பதே அவருடைய முதற்கேள்வியாக இருந்த காலம் ஒன்று உண்டு. இன்றைக்கு எங்கள் ஆட்டையாம்பட்டியிலும், சுற்றியுள்ள மல்லூர், வெண்ணந்தூர், காளிப்பட்டி முதலிய ஊர்களிலும், ‘பந்தியா, பஃபேயா, இரண்டும் வேண்டுமா?’ என்று விசாரித்த பிறகே அவர் இலைக்கணக்குக்கு வருகிறார். கேட்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர், அதிலும் படித்தவர்களும் வெளிநாடு சென்று திரும்பியவர்களும், சற்றும் தயங்காமல், ‘இரண்டும் இருக்கட்டும், அவரவர் இஷ்டம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த விடை தாராள மனத்தின் அடையாளம் என்றும், அதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றும், அதை ஆட்சேபிப்பவன் பழமையின் மீது கொண்ட மோகத்தால் பேசுகிறவன் என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே உறுதிப்பட்டுவிட்டது. என் வீட்டுக் கூடத்திலேயே, என் மக்களின் வாயாலேயே, அதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அந்த அபிப்பிராயம் தவறானது. தவறானது மட்டுமன்று, அதனால் நஷ்டமடைகிறவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டாதவர்கள் ஆகையால், அந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாமலே பரவிக்கொண்டிருக்கிறது என்பது என் துணிபு.

எதிர்ப்பக்கத்து வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துவைப்பதுதான் நியாயம். பந்தி என்பது ஒருவன் எப்போது உண்ணவேண்டும், எங்கே அமரவேண்டும், யாருக்குப் பக்கத்தில் அமரவேண்டும், எதன்பின் எதை உண்ணவேண்டும் என்பவற்றையெல்லாம் வேறொருவர் நிர்ணயிக்கும் ஏற்பாடு. பசித்தவன் இடத்துக்காகக் காத்திருக்கிறான், பசியில்லாதவன் இடம் கிடைத்ததே என்று உண்கிறான். போதாக்குறைக்கு, இந்நாட்டில் சாதி குடியிருந்த வீடுகளில் பந்தியும் ஒன்று. இவற்றையெல்லாம் ஒரே வீச்சில் அகற்றிவிட்டு, வேண்டியவன் வேண்டியபோது வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டிய இடத்தில் அமரட்டும் என்பதே சுதந்திரம். பழைய முறையை விரும்புகிறவர்களுக்கு அதையும் ஒரு பக்கத்தில் வைத்துவிட்டால் குறையேது? இதுதான் அந்த வாதம். இது அற்பமானதென்று நான் கருதவில்லை. சில வருஷங்களுக்கு முன்வரை எனக்கே இதில் பாதி சம்மதம் இருந்தது. அந்தச் சம்மதம் கலைந்தது எங்கள் ஊரில் அல்ல. கடலையே காணாத சேலத்துச் சீமையில் பிறந்த நான், முதன்முதலாக ஏறிய ஒரு கப்பலில்.

சிங்கப்பூரில் உத்தியோகத்தில் இருக்கும் மாப்பிள்ளை, அங்கிருந்து பினாங்குக்கும் அதற்கு அப்பாலும் சென்று திரும்பும் ஓர் உல்லாசக் கப்பலில் ஐந்து இரவுகளுக்கு எங்களை அழைத்துச் சென்றார். நானும் என் மனைவியும், மகளும் மாப்பிள்ளையும், ஒன்பது வயதுப் பேத்தியுமாக ஐந்து பேர். சீட்டு எடுக்கும்போதே இராச் சாப்பாட்டுக்கு எந்த முறை வேண்டும் என்று கேட்டார்களாம். மாப்பிள்ளை, கேட்டவுடன் புரிந்ததைத் தேர்ந்துவிட்டார். அது நிலைத்த இடமுறை. விஷயம் இதுதான்: பெரிய கப்பல்களின் போஜனசாலையில் பிரயாணிகள் எல்லோரும் ஏககாலத்தில் அமர இடம் போதாது, ஆகையால் மாலை ஆறு மணியளவில் ஒரு கூட்டமும், எட்டு, எட்டரை மணியளவில் மற்றொரு கூட்டமுமாக உண்பது நெடுங்கால வழக்கம். இன்ன நேரம், இன்ன மேசை, இன்ன நாற்காலி என்று முதல் நாளே குறித்துக் கொடுத்துவிடுவார்கள். பிரயாணம் முடியும் வரை அதே மேசை, அதே துணைவர்கள், அதே பரிமாறுகிறவர். முதற்பந்தி, இரண்டாம் பந்தி என்பதைத் தவிர இதற்கு வேறு தமிழ் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊர் மண்டபத்தில் நடப்பதைத்தான் அவர்கள் கடலின்மேல், நேரம் தவறாமல் நடத்துகிறார்கள். 2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன் என்னும் கம்பெனி இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, ‘ஃப்ரீஸ்டைல்’ என்று பெயரிட்டு, எந்த வேளையிலும் எந்த மேசையிலும் உண்ணலாம் என்று அறிவித்தது. பிற கம்பெனிகள் பழைய முறையையும் விடாமல், புதியதையும் சேர்த்துவைத்து, பிரயாணி தன் விருப்பப்படி தேரலாம், இடமிருந்தால் நடுவிலும் மாறிக்கொள்ளலாம் என்று செய்தன. ‘இரண்டும் இருக்கட்டும், அவரவர் இஷ்டம்’ என்னும் எங்கள் ஊர் விடையின் கடல் உருவம் இது.

எங்கள் மேசை ஆறு பேருக்கானது. ஆறாவது நாற்காலியில் ஈப்போ நகரத்தைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் அமர்ந்திருந்தார். கணவரை இழந்து தனியாகப் பிரயாணம் செய்பவர். நாங்களாக விரும்பித் தேர்ந்திருந்தால் அவரருகில் அமர்ந்திருக்கவே மாட்டோம் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. முதல் நாள் பேச்சு உப்பு, புளியைத் தாண்டவில்லை. இரண்டாம் நாள், ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த கைமுறுக்குப் பொட்டலத்தை மகள் மேசைமேல் வைத்ததும், அந்த அம்மாள் ஒன்றை எடுத்து அதன் சுற்றுகளை விரலால் தடவிப் பார்த்து, ‘இது சேலத்துப் பக்கமாச்சே’ என்றார். அவருடைய தகப்பனார் சேந்தமங்கலத்துக்கு அருகிலிருந்த ஒரு சிற்றூரில் பிறந்து, நாகப்பட்டினத்தில் ‘ராஜுலா’ கப்பலேறி மலாயாவுக்குப் போனவர். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நம் கரைக்கும் அந்தக் கரைக்கும் இடையே ஓடிய அந்தக் கப்பலில், தளத்துப் பிரயாணிக்கு மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. தான் கொண்டுபோன பாயும் தட்டுமே அவனுக்கு இடம். ‘மேலே இருக்கிறவங்களுக்குத்தான் மேசையும் நாற்காலியும் என்று அப்பா சொல்வார், எனக்கும் ஒரு மேசையில் என் இடம் என்று ஒன்று இருக்கிறதைப் பார்க்கத்தான் நான் வந்தேன்’ என்று அவர் சொன்னபோது, எங்கள் மேசையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பரிமாறியவர் கோவாக்காரர், முதல் நாள் நாங்கள் சொன்ன எதையும் அவர் மறக்கவில்லை. என் மனைவிக்கு வெந்நீர், எனக்கு உப்புக் குறைவு, மாட்டிறைச்சி படாத பாத்திரம், பேத்திக்குக் காரமில்லாதது என்பவை இரண்டாம் நாளிலிருந்து கேளாமலே வந்தன.

மூன்றாம் நாள் பினாங்கில் இறங்கிச் சுற்றித் திரும்பக் கொஞ்சம் நேரமாகும் போலிருந்தது. ‘எதற்காக ஆறு மணிக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும்? மாறிக்கொள்ளலாம் என்றுதான் வைத்திருக்கிறார்களே’ என்றாள் மகள். மாப்பிள்ளை போஜனசாலைத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொன்னார். அவரும் புன்னகையோடு குறித்துக்கொண்டார். அன்றும் மறுநாளும் நாங்கள் சுதந்திரப் பிரயாணிகள். வாசலில் பெயர் கொடுத்துக் காத்திருந்தோம். கிடைத்த மேசையில் அமர்ந்தோம். முன்பின் அறியாத பரிமாறுகிறவர்களிடம் மாட்டிறைச்சி விஷயத்தை முதலிலிருந்து விளக்கினோம். இரண்டு இரவும் நாங்கள் ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உண்டோம். வீட்டுக்கூடத்தில் உண்பதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கடைசி இரவில் பேத்தியின் பிடிவாதத்தால் பழைய மேசைக்குத் திரும்பினோம். ஆசிரியை எங்களை ஒரு சொல்லும் கேட்கவில்லை. முகம் மலர்ந்து, ‘பினாங்கு எப்படி?’ என்று விசாரித்தார். அவர் கை கழுவ எழுந்து போனபோது கோவாக்காரர் மாப்பிள்ளையிடம் தாழ்ந்த குரலில் சொன்ன செய்தி இது: இரண்டு நாளும் அந்த அம்மாள் சரியாக ஆறு மணிக்கு வந்து அந்த ஆறு பேர் மேசையில் தனியே அமர்ந்தார், வேறு மேசைக்கு மாற்றித் தருகிறோம் என்று சொன்னதற்கு, அவர்கள் ஒருவேளை வருவார்கள் என்று மறுத்துவிட்டார், நாங்கள் வரக்கூடும் என்று ஐந்து தட்டுகளையும் மடித்த துணிகளையும் எடுக்காமல் வைத்திருந்து, இரவில் கூடத்தை மூடும்போது அப்படியே எடுத்துவைத்தார்கள்.

கப்பல்காரர்மீது குற்றமில்லை, விதிப்படி எங்களுக்கு உரிமை இருந்தது, அந்த அம்மாளின் இடத்தை யாரும் பறிக்கவில்லை. அவருடைய நாற்காலி அவருக்கே இருந்தது. ஆனால் அவர் விரும்பியது நாற்காலியையா? இந்த ஒரு கேள்வியை ‘இரண்டும் இருக்கட்டும்’ என்போர் கேட்டுக்கொள்வதே இல்லை. நிலைத்த பந்தி என்பது கடைச்சரக்கைப்போலத் தனித்தனியே ஒவ்வொருவருக்கும் வழங்கக்கூடிய பொருளன்று. பிறர் வருவார்கள் என்று ஒவ்வொருவரும் நம்புவதால் உண்டாகிற பொருள் அது. அந்த நம்பிக்கையிலிருந்து ஒருவர் விலகினால், விலகியவருக்கு அது நஷ்டமில்லை, தங்கியவருக்கே நஷ்டம். ஆகவே மாறும் உரிமை மாறுகிறவனை மட்டும் பொறுத்தது என்பது பொய். ‘வேண்டுமானால் திரும்பி வந்துகொள்ளலாம்’ என்பதும் பொய்; எதற்குத் திரும்பி வருவது? அது நாம் போன பின்பும் நாம் விட்டபடியே நிற்பதற்குத் தூணா, துரும்பா?

இதை உணர்ந்த கப்பல்காரர்களும் இருக்கிறார்கள். டிஸ்னி கம்பெனி 1998இல் தன் முதற்கப்பலை விட்ட காலந்தொட்டு ஒரு முறையைக் கையாளுகிறது: பிரயாணிகள் ஒவ்வோர் இரவும் வெவ்வேறு போஜனசாலைக்குச் செல்கிறார்கள், ஆனால் மேசைத் துணைவர்களும் பரிமாறுகிறவர்களும் மாறாமல் கூடவே வருகிறார்கள். மாற்றம் வேண்டும் என்ற ஆசைக்கு இடம் மாறுகிறது, மனிதர்கள் மாறுவதில்லை. நிலைத்த இடமுறையில் காக்கத்தக்கது எது, விடத்தக்கது எது என்பதை நம் முற்போக்காளர்களைவிடச் செம்மையாக அவர்கள் பிரித்தறிந்திருக்கிறார்கள்.

இனி, சாதி. பந்தி சாதியின் வீடு என்ற குற்றச்சாட்டுக்கு நான் விரிவாகவே விடை சொல்லக் கடமைப்பட்டவன். என் சிறுவயதில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில், பந்தலுக்கு வெளியே, மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் சிலருக்கு இலை போட்டிருந்ததை நான் பார்த்தேன். அவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு என் பெரியவர்கள் விடை சொல்லாமல், ‘சாப்பிடு’ என்றார்கள். அந்தப் பாவத்தை நான் மறக்கவில்லை, மறைக்கவும் மாட்டேன். ஆனால் பாவம் வரிசையிலா இருந்தது? வரிசையை இரண்டாக்கியதில் இருந்தது. இதை மிக நன்றாக அறிந்தவர்கள், அந்தப் பாவத்தோடு உண்மையாகவே போராடியவர்கள். வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே உணவு அளிக்கப்பட்டது என்ற செய்தி தமிழ்நாட்டைக் கொந்தளிக்கச் செய்தபோது, அந்த எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான டாக்டர் வரதராஜுலு நாயுடு எங்கள் பக்கத்து இராசிபுரத்தில் பிறந்தவர். மற்றொருவர் ஈரோட்டுப் பெரியார். குருகுலத்தில் பந்தி கூடாது, பிள்ளைகள் இஷ்டம்போல் ஆளுக்கொரு மூலையில் நின்று உண்ணட்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரவேண்டும் என்றார்கள். அந்தக் கொந்தளிப்பின் காலத்திலேயே, 1925ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை அமைத்தபோது, அக்கம்பக்கத்தாரின் வெறுப்பைப் பொருட்படுத்தாமல் தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்டோரையும் சேர்த்து ஒரே குடும்பமாக அங்கே வாழ்ந்தார்கள். சேரன்மாதேவி விஷயத்தில் வரதராஜுலு நாயுடுவும் ராஜாஜியும் ஒரே கருத்தினரல்லர் என்பது சரித்திரம் அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆயினும் சாதியை ஒழிக்க வரிசையை ஒழிக்கவேண்டும் என்று இருவரில் எவருக்கும் தோன்றவில்லை.

எல்லைகளுக்கு அப்பாலும் இதுவே நடந்தது. கேரளத்துச் செறாயியில் 1917இல் சகோதரன் ஐயப்பன் சாதி பேதமின்றி மக்களை ஒன்றாக உட்காரவைத்து உணவளித்தபோது ஊரே அவரைப் பகைத்தது. பகைக்குக் காரணம், ஒன்றாக உட்காரவைத்ததுதான். சீக்கியரின் குருத்துவாரங்களில் இலவச உணவு தரையில் வரிசையாக அமர்ந்தே உண்ணப்படுகிறது. அந்த வரிசைக்கு அவர்கள் சொல்லும் ‘பங்கத்’ என்ற பெயரும், நம்முடைய ‘பந்தி’யும், வடமொழிப் ‘பங்க்தி’ என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவை. அரசனாயினும் ஆண்டியாயினும் அந்த வரிசையில் தரையிலேயே அமரவேண்டும் என்பதில்தான் அதன் தர்மம் இருக்கிறது. வடலூரில் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கேயும் வந்தவர்கள் வரிசையில் அமர்ந்தே உண்கிறார்கள்.

இதற்குள் ஒரு நுட்பமான நியாயம் அடங்கியிருக்கிறது. பந்தி, அநீதியைக் கண்ணுக்குத் தெரியச் செய்கிறது. சேரன்மாதேவியில் பேதம் நடந்தது பந்தியில். ஆகையால் அது தெரிந்தது. தெரிந்ததால் அதை எதிர்க்க முடிந்தது. ரயில்வே நிலையங்களின் உணவுச்சாலைகளில் பிராமணர்க்கு வேறு, பிராமணரல்லாதார்க்கு வேறு என்று பலகை மாட்டி இடம் ஒதுக்கியிருந்ததை 1941இல் அகற்றவைக்க முடிந்ததற்குக் காரணம், அகற்றுவதற்கு அங்கே ஒரு பலகை இருந்தது. 2018இல் திருப்பூர் மாவட்டத்துத் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் சமைத்த சோற்றைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று சிலர் கிளம்பினார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து ஒரே சோற்றை உண்ணும் ஏற்பாடு இருந்ததனால், அந்த மறுப்பு வெளிப்பட்டது, வழக்காயிற்று, நாடறிந்தது. இனி, நின்றுகொண்டு உண்ணும் கூட்டத்தைப் பாருங்கள். தட்டை ஏந்தியவன் யாரை நோக்கி நடக்கிறான்? தன் உறவினரை, தன் வகுப்பாரை, தன் தரத்து மனிதரை நோக்கி. பட்டறை முதலாளி முதலாளிகளோடு நிற்கிறார். தறி ஓட்டுகிறவன் சுவரோரமாக நிற்கிறான். எவரும் எவரையும் விலக்கவில்லை. எல்லாரும் விலகியே நிற்கிறார்கள். பந்தியில் ஒருவன் பக்கத்து இலையைப் பார்த்து எழுந்து போனால் ஊர் அவனை அறியும். இங்கே விலகிப் போனவனை யார் அறிவார்கள்? சாதி தன் பழைய வீட்டை விட்டுப் போய்விட்டதென்று நாம் மகிழ்கிறோம். முகவரியில்லாத வீட்டுக்கு அது குடிபோயிருக்கிறது.

காலமும் உணவும் மிச்சப்படும் என்னும் வாதத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. இலைக்கு முன் அமர்ந்தவன் கையைக் குறுக்கே நீட்டிப் ‘போதும்’ என்பான். தட்டோடு வரிசையில் நிற்பவன், மறுபடியும் இந்த வரிசையில் யார் நிற்பது என்று அஞ்சி, ஒப்புட்டையும் பச்சைப்பயறு கடைசலையும் ஒன்றன்மேல் ஒன்றாக முதலிலேயே குவித்துக்கொள்வான். கேட்காமல் கொட்டுகிற பரிமாறுகிறவர்களால் இலையிலும் சோறு வீணாவதுண்டு. அது திருத்தக்கூடியது, திருத்தவேண்டியது. நேரத்தைப் பற்றியும் அவ்வளவே: வரிசையில் நிற்கிற நேரத்தை உண்கிற நேரமாகக் கணக்கிடாதவர்களுக்குத்தான் பஃபே விரைவானது.

பந்தியால் மெய்யாகவே உண்டாகிற ஓர் அவலத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவேண்டும். இருநூறு பேர் அமரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு பேரை அழைத்துவிட்டு, முகூர்த்தம் முடிந்ததும் எல்லாரையும் ஒரே சமயத்தில் அதன் வாசலில் விடுகிறோம். ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால், அவர் எழுந்த கணத்தில் உட்கார்வதற்காக, இரண்டு பேர் முதுகைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார்கள். உண்கிறவருக்கும் அவமானம், நிற்கிறவருக்கும் அவமானம். பெரியோரோடு உண்ணும்போது அவர்கள் தொடங்குமுன் தொடங்கக்கூடாது, அவர்கள் எழுமுன் எழக்கூடாது என்று ஆசாரக்கோவை விதித்த நாட்டில், எழுந்திரு என்று பின்னால் நின்று சொல்லாமல் சொல்கிறோம். இதைக் கண்டு மனம் நொந்தவர்கள் பஃபேயை நாடுவதை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. ஆனால் இது பந்தியின் குற்றமன்று. எண்ணிப் பார்த்து அழைக்காததன் குற்றம். கப்பல்காரன் இதே சிக்கலை எப்படித் தீர்த்தான்? இடம் போதவில்லை என்று மேசைகளை எடுத்தெறியவில்லை. உனக்கு ஆறு மணி, உனக்கு எட்டரை மணி என்று வேளையைப் பகிர்ந்தான். தனக்கென ஓர் இடம் காத்திருக்கிறது என்று அறிந்தவன் எவனும் பிறன் முதுகுக்குப் பின்னால் நிற்பதில்லை.

தறி ஓட்டத்தின் நடுவே அரைமணி ஓய்வில் வந்து போகிறவர்களுக்கும், சர்க்கரை வியாதியால் குறித்த வேளைக்கு உண்ணவேண்டியவர்களுக்கும், கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களுக்கு எந்த நேரமும் இலை போடலாம், போடவேண்டும். தேவைக்கு வளைவது வேறு. எல்லாருடைய இஷ்டத்துக்கும் முறையையே கலைப்பது வேறு. உணவு விடுதியில் அவரவர் இஷ்டம் சரியே. அங்கே விலை கொடுத்து உண்ணப் போகிறோம். கல்யாண வீட்டுக்கு நாம் உண்பதற்காக மட்டும் போவதில்லை.

‘இரண்டும் இருக்கட்டும்’ என்ற ஏற்பாடு எங்கள் ஊரில் எப்படி முடிகிறது என்பதைச் சென்ற ஆவணியில் ஒரு மண்டபத்தில் கண்ணாரக் கண்டேன். வாசற்பந்தலில் பஃபே, உள்கூடத்தில் இலை. இளைஞர்களும், வேலைக்குத் திரும்புகிறவர்களும், மாப்பிள்ளை வீட்டு முக்கியஸ்தர்களும் பந்தலில் தட்டேந்தினார்கள். புகைப்படக்காரர் அங்கே, வீட்டுக்காரரும் அங்கே. உள்ளே, குனிந்து எடுக்க முடியாத கிழவிகளும், வெளியூரிலிருந்து யாரையும் அறியாமல் வந்தவர்களும், கூச்சம் மிகுந்த சிலருமாக இருபத்தைந்து பேர், இருநூறு பேர் கூடத்தில், இடையிடையே காலி இலைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆள் குறைவென்று பரிமாறுகிறவர்களில் பாதிப்பேரைப் பந்தலுக்கு அனுப்பிவிட்டார்கள். சாம்பார் ஒருமுறை வந்தது, மறுமுறை வரவில்லை. பந்தி விசாரிக்க ஒருவரும் வரவில்லை. என் பக்கத்தில் இருந்த மூதாட்டி, கையில் சோற்றோடு சிறிது நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இருந்ததை உண்டு இலையை மடித்தார். சட்டப்படி அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவர் விரும்பிய பந்தி அவருக்குக் கொடுக்கப்பட்டது. அந்தக் கணத்தில் எனக்கு ஐந்து தட்டுகளும் மடித்த துணிகளும் நினைவுக்கு வந்தன.

பந்தி விசாரித்தல் என்ற சொல்லை இளையவர்கள் மறந்துவருகிறார்கள். வீட்டுக்குரியவர் வரிசையின் தலைப்பிலிருந்து கடைசி வரை நடந்து, ஒவ்வோர் இலைக்கு முன்னும் நின்று, ‘மாமா, ரசம் ஊத்தச் சொல்லட்டுங்களா? அத்தை, ஒப்புட்டுக்கு நெய் விட்டாங்களா?’ என்று கேட்பது அது. அந்த நடையில் யாரையும் தாண்டிப் போக முடியாது, வரிசை தாண்டவிடாது. கடன் கொடுத்தவரும், வழக்கில் எதிர்க்கட்சியும், பத்து வருஷமாகப் பேச்சில்லாத பங்காளியும் அங்கே அடுத்தடுத்து இருப்பார்கள். நின்று கேட்டே ஆகவேண்டும். ஒரு மௌனமான பகை, ‘கொஞ்சம் தயிர்’ என்ற ஒரு வார்த்தையில் முறிந்ததை எங்கள் குடும்பத்திலேயே நான் பார்த்திருக்கிறேன். சிதறி நிற்கும் கூட்டத்தில் வீட்டுக்காரர் தாம் காண விரும்பியவரைக் காண்கிறார். காண அஞ்சியவரைத் தவிர்த்துவிடுகிறார். அவருக்கு அது சௌகரியம்தான். அந்தச் சௌகரியத்தையே சுதந்திரம் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள்.

வரும் தை மாதத்தில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். சமையல்காரர் வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். வீட்டில் இரண்டு நாள் வாதம் நடந்தது. பஃபே இல்லை என்று முடிவாயிற்று. நாலு பந்தி, பத்திரிகையோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீட்டு வைத்து, அதில் எத்தனையாவது பந்தி, எத்தனை மணி என்று எழுதிக் கொடுக்கிறோம். வெளியூர்க்காரர்களும் வயதானவர்களும் முதற்பந்தி. தறிக்காரர்களுக்கு அவர்கள் ஓய்வு விடும் நேரத்தில் மூன்றாம் பந்தி. வீட்டார் நாங்கள் கடைசி. எந்தப் பந்தியிலும் வகுப்புப் பார்த்து இடம் கிடையாது. வந்த வரிசைப்படி இலை. பந்தி விசாரிப்பது என் பொறுப்பு. ஈப்போவுக்கும் ஒரு பத்திரிகை போயிருக்கிறது. வருவதாகப் பதில் வந்துவிட்டது. அவருடைய சீட்டில் பேத்தி தன் கையெழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறாள்: கடைசிப் பந்தி, எங்கள் ஐந்து பேரோடு.